முதல் சின்த் வாங்கப் போறீங்களா? மினிலாக், மோனோலாக், அப்புறம் நான் தொட்டுப் பார்த்த மத்ததுங்க

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கீபோர்டு வேற, சின்த் (சின்தசைசர்) வேற. ரெண்டுலயும் கருப்பு கட்டை வெள்ளை கட்டை இருக்கறதால ஒண்ணுதான்னு நினைச்சு வாங்கிட்டு அப்புறம் ஏமாந்து போறவங்க நிறைய பேர். கீபோர்டுல பியானோ, வயலின், புல்லாங்குழல்னு ஏற்கனவே பதிவு பண்ணி வெச்ச சவுண்டுங்க இருக்கும், நீங்க பட்டனை அமுக்கி வாசிச்சா போதும். சின்த்ல அந்த சவுண்டையே நீங்கதான் செய்யணும். ஒரு வெறும் அலையில ஆரம்பிச்சு, அதை செதுக்கி, அசைச்சு, ஒரு குரல் மாதிரி ஆக்கறது வரைக்கும் உங்க கை வேலை. பாட்டு வாசிக்கக் கத்துக்கணும்னு ஆசைன்னா தயவு செஞ்சு நல்ல கீபோர்டு வாங்குங்க, அது எந்த விதத்துலயும் குறைச்சல் இல்ல. "அந்த சவுண்டு எப்படி வருது"ன்னு கேட்டுக் கேட்டு தூக்கம் போற ஆளுங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நான் முதல்ல வாங்குனது எதுன்னு பேர் சொல்லல, ஏன்னா அது மோசமான பொருள் இல்ல, எனக்குத்தான் அது தப்பான நேரத்துல வந்துச்சு. நூத்துக்கணக்குல பிரீசெட் (கம்பெனியே செஞ்சு வெச்ச சவுண்டு), எல்லா விதமான எஃபெக்ட், டிரம்ஸ், ஸ்வரங்களை வரிசையா தானே வாசிக்கற சீக்வென்சர்னு ஒரே பெட்டிக்குள்ள எல்லாமே இருந்துச்சு, ஆனா மேல இருந்தது நாலே நாலு நாப்பும் (திருகற குமிழ்) ஒரு குட்டி ஸ்கிரீனும்தான். ஃபில்டரைக் கொஞ்சம் திறக்கணும்னா மெனு, அதுக்குள்ள இன்னொரு மெனு, அங்க ஒரு பக்கம், அந்தப் பக்கத்துல மூணாவது வரி, அங்க போய் எண்ணை மாத்தணும், அதுக்குள்ள எதுக்கு வந்தோம்ங்கறதே மறந்து போயிடும். எட்டு மாசம் வெச்சிருந்தேன். எட்டு மாசமும் பிரீசெட்டை ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிக் கேட்டதுதான் மிச்சம், எனக்குன்னு ஒரு சவுண்டு கூட நான் பண்ணல.

அப்புறம் ஃபிரெண்டு ஒருத்தர் அவரோட கோர்க் மோனோலாக்கை ரெண்டு வாரத்துக்கு வெச்சுக்கோன்னு குடுத்தார். 25 கட்டை, ஒரு நேரத்துல ஒரு ஸ்வரம்தான் பேசும், எஃபெக்ட்னு பார்த்தா டிரைவ் நாப்பைத் தவிர ஒண்ணும் இல்ல. முதல் நாள் சாயந்திரம் ஃபில்டர் எங்க வெட்டணும்னு சொல்ற கட்ஆஃப் நாப்பைப் பிடிச்சு மெதுவா திருப்புனேன். சவுண்டு மூடிக்கிட்டே வந்துச்சு, யாரோ வாயைப் பொத்தற மாதிரி. அதே நேரத்துல அந்த சின்ன ஸ்கிரீன்ல அலையோட கூர்மையெல்லாம் மழுங்கி வட்டமா ஆயிட்டே வருது. காதுல கேக்கறதையும் கண்ணுல பாக்கறதையும் கையில திருப்பறதையும் ஒரே நேரத்துல சேர்த்து வெச்சுப் பார்த்தப்பதான் ஃபில்டர்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சுது, எட்டு மாசம் மேனுவல் படிச்சும் புரியாதது பத்து நிமிஷத்துல.

அதனால முதல் சின்த்துக்கு நான் பாக்கற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்: ஒரு நாப்புக்கு ஒரு வேலை. கட்ஆஃப்னு எழுதியிருந்தா அது எப்பவும் கட்ஆஃப் மட்டும்தான், ஷிஃப்ட் அமுக்குனா வேறொண்ணு, பக்கம் மாத்துனா இன்னொண்ணுன்னு ஆகக் கூடாது. எத்தனை பிரீசெட், எத்தனை எஃபெக்ட், எத்தனை வாய்ஸ், அதாவது ஒரே நேரத்துல எத்தனை ஸ்வரம்ங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். கை பழகுனா மூளை தானா பின்னாடி வரும்.

சரி, உள்ள என்னதான் நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இது தெரியாம எந்த மாடலைப் பத்திப் பேசினாலும் வெறும் பேர் லிஸ்ட் ஆயிடும். ஆசிலேட்டர்ங்கறது சவுண்டோட பிறப்பிடம். அது விதவிதமான அலை குடுக்கும், ரம்பப் பல் மாதிரி இருக்கற சா அலை, சதுர அலை, முக்கோண அலைன்னு. சா அலையில அடிப்படை சுருதியோட 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்குன்னு எல்லா மேல்சுரமும் இருக்கும், அதனாலதான் அது அவ்வளவு காரமா, பித்தளை வாத்தியம் மாதிரி கேக்குது. சதுர அலையில 1, 3, 5, 7ன்னு ஒத்தைப்படை மட்டும்தான், அதனால கொஞ்சம் உள்ளீடில்லாம, மரக்குழாய் ஊதற மாதிரி இருக்கும். ஃபில்டர் அந்த மேல்சுரங்களை மேல இருந்து வெட்டிட்டே வரும். என்வலப், சவுண்டு சட்டுன்னு வரணுமா மெதுவா எழும்பணுமா, கையை எடுத்ததும் நிக்கணுமா இழுத்துட்டே போகணுமான்னு சொல்றது. எல்எஃப்ஓங்கறது காதுக்குக் கேக்காத அளவு மெதுவா ஆடற இன்னொரு அலை, அது எதோட சேர்த்தாலும் அதை ஆட்டும், சுருதியோட சேர்த்தா குரல் நடுங்கும், ஃபில்டரோட சேர்த்தா வாவ் வாவ்னு பேசும். அவ்வளவுதான். 1970ல வந்த மினிமூக்ல இருந்து இன்னைக்கு வர்ற குட்டிப் பெட்டி வரைக்கும் பெரும்பாலும் இந்த நாலைத்தான் விதவிதமா கட்டியிருக்காங்க.

ரெண்டு ஆசிலேட்டர் இருக்கறது ஏன் முக்கியம்னு மோனோலாக்லதான் கத்துக்கிட்டேன். ரெண்டையும் ஒரே சுருதியில வெச்சுட்டு ஒண்ணை மட்டும் மயிரிழை அளவுக்கு நகர்த்துங்க. ஒண்ணு 440 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 441னு வெச்சுக்கோங்க, செகண்டுக்கு ஒரு தடவை சவுண்டு வீங்கி அடங்கும். தந்தி வாத்தியத்துக்கு சுருதி சேர்க்கும்போது கிட்ட வந்துட்டு இன்னும் சேராத அந்த நேரத்துல ஒரு அலை அடிக்குமே, அதேதான். அங்க அதை ஒழிக்கத்தான் பாடுபடுவோம், சின்த்ல அதையே வேணும்னு வெச்சுக்கிறோம், ஏன்னா அந்த அசைவுலதான் சவுண்டுக்கு உயிர் வருது. இதை நம்பரைத் தட்டி செஞ்சா ஒண்ணும் புரியாது, நாப்பைப் பிடிச்சு நகர்த்துனாதான் எங்க நிறுத்தணும்னு காது சொல்லும்.

மோனோலாக்கைத் திருப்பிக் குடுத்துட்டு நான் வாங்குனது அதோட அண்ணன், மினிலாக். ரெண்டுமே 2016ல அறிவிச்சதுங்க. கிட்டத்தட்ட மூணு வருஷமா என் மேசையில இருக்கு, அதனால இதைப் பத்தித்தான் அதிகமா சொல்லப் போறேன்.

மினிலாக்ல ஒரே நேரத்துல 4 ஸ்வரம் பேசும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு அனலாக் ஆசிலேட்டர், அதாவது டிஜிட்டல் கணக்கு இல்லாம மின்சுற்றே நேரா அலையை உண்டாக்கும். 37 கட்டை, சராசரி பியானோ கட்டையை விட ஒல்லி. கட்டைக்கு மேல இடது பக்கத்துல இருந்து வலது பக்கமா சவுண்டு போற வழியிலயே நாப்புங்களை அடுக்கியிருக்காங்க: முதல்ல ரெண்டு ஆசிலேட்டர், அப்புறம் அதுங்களைக் கலக்கற மிக்ஸர், அப்புறம் ஃபில்டர், என்வலப், எல்எஃப்ஓ, கடைசியா எதிரொலி குடுக்கற டிலே. இது சாதாரண விஷயமாத் தெரியலாம், ஆனா கத்துக்கறவங்களுக்கு அந்தப் பேனலே ஒரு பாடப் புத்தகம். எதாவது சரியா வரலைன்னா இடது பக்கத்துல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டே வந்தா எங்க மாட்டுதுன்னு தெரிஞ்சிடும்.

இதுல ஃபில்டருக்கு 2 போல், 4 போல்னு ஒரு சுவிட்ச் இருக்கு, 4ல போட்டா வெட்டு ஆழமா விழும், 2ல கொஞ்சம் காத்தோட்டமா இருக்கும். ரெண்டு முழு ஏடிஎஸ்ஆர் (அட்டாக்: எழும்பற நேரம், டிகே: இறங்கற நேரம், சஸ்டெயின்: நிக்கற அளவு, ரிலீஸ்: அடங்கற நேரம்) என்வலப் இருக்கு, ஒண்ணு சத்தத்துக்கு, இன்னொண்ணை ஃபில்டருக்கு விடலாம். மோனோலாக்ல இந்த இடத்துலதான் சுருக்கிட்டாங்க, ஒரே ஒரு என்வலப், அதுவும் அட்டாக், டிகே மட்டும், கூட ஒரு வகை மாத்தற சுவிட்ச். பேஸ் லைனுக்கும் மெட்டு வாசிக்கற லீடுக்கும் அது தாராளமாப் போதும், ஆனா மெதுவா எழும்பி நின்னு மெதுவா அடங்கற பேட் சவுண்டெல்லாம் பண்ணணும்னா முழு என்வலப் இல்லாம முட்டிக்கிட்டு நிப்பீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த அலை காட்டற ஸ்கிரீன்தான், ரெண்டுலயும் இருக்கு. சிலர் அதை அலங்காரம்னு சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு ஆசிலேட்டரை இன்னொண்ணோட ஓட்டத்துக்குக் கட்டிப் போடற சிங்க் போட்டா அலை எப்படி உடையுது, கட்ஆஃப் இடத்தை மட்டும் தூக்கிக் காட்டற ரெசனன்ஸ் ஏத்துனா அலையோட முனையில எப்படி ஒரு சின்ன நெளிவு வருதுன்னு கண்ணால பாக்கறது ஒரு வாத்தியார் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்ற மாதிரி.

சேமிச்சு வைக்க 200 இடம் இருக்கு, முதல் 100ல அவங்க செஞ்ச சவுண்டுங்க, மிச்சம் உங்களுக்கு. இங்க புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரு இடத்துல குழம்புவாங்க, நானும் குழம்புனேன். சேமிச்ச சவுண்டைக் கூப்பிட்டா நாப்பெல்லாம் பழைய இடத்துலயே நிக்கும், சவுண்டு வேற இடத்துல இருக்கும், அப்ப ஒரு நாப்பைத் தொட்டா சவுண்டு பட்டுன்னு குதிக்கும். செட்டிங்ல நாப் மோடுன்னு ஒண்ணு இருக்கு, ஜம்ப், கேட்ச், ஸ்கேல்னு மூணு வகை. கேட்ச்ல வெச்சா நாப் பழைய மதிப்பைத் தாண்டற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, மேடையில வாசிக்க அது நல்லது. ஆனா கத்துக்கற காலத்துல ஜம்ப்லயே விடுங்க, தொட்டா உடனே மாறணும், அப்பதான் காரணமும் விளைவும் சேர்ந்து மனசுல பதியும்.

குறை இல்லாம இல்ல. எல்எஃப்ஓ ஒண்ணே ஒண்ணுதான், அதனால சுருதியையும் ஃபில்டரையும் தனித்தனி வேகத்துல ஆட்ட முடியாது, ஒரு வருஷம் ஆனதும் இது உறுத்த ஆரம்பிச்சுடும். அவுட்புட் மோனோ, ஸ்டீரியோ அகலமெல்லாம் வெளிய வேற பெட்டி வெச்சாத்தான். ரிவெர்ப் (பெரிய ஹால்ல பாடற மாதிரி முழக்கம்) கிடையாது, டிலே மட்டும்தான், ஆனா அந்த டிலே கொஞ்சம் தூசி படிஞ்ச மாதிரி அழகா இருக்கும். ஒல்லிக் கட்டையில ரெண்டு கையும் வெச்சு வாசிக்கறது நெருக்கமாத்தான் இருக்கு, பியானோ பழகுன விரல்களுக்கு முதல் ஒரு மாசம் தப்புத் தப்பா விழும். பேட்டரியில ஓடாது, அடாப்டர் வேணும். மோனோலாக் ஆறு டபுள் ஏ பேட்டரியில ஓடும், அதை மடியில வெச்சுக்கிட்டு எங்க வேணா உக்காரலாம், அந்த சுதந்திரம் மினிலாக்ல இல்லாதது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அனலாக் ஆசிலேட்டர்ங்கறதால சூடு மாறுனா சுருதி லேசா நகரும். ஆன் பண்ணி கொஞ்ச நேரம் விட்டுட்டு வாசிங்க, உள்ளயே டியூனிங் சரி பண்ற வசதியும் இருக்கு. இதைக் கோளாறுன்னு நினைச்சு பயப்பட வேணாம்.

சீக்வென்சர் 16 ஸ்டெப். ஸ்வரத்தை மட்டும் இல்லாம நீங்க நாப் திருப்பறதையும் பதிவு பண்ணும், நாலு நாப் வரைக்கும். ஒரு நாலு ஸ்வரத்தைப் போட்டு ஓட விட்டுட்டு ரெண்டு கையையும் நாப்ல வெச்சு விளையாடுங்க. வாசிக்கத் தெரியாதவங்களுக்கு இதை விட நல்ல ஆரம்பம் இல்லைன்னு நினைக்கிறேன், ஏன்னா விரலைப் பத்தின கவலை போயிடும், காது முழுக்க சவுண்டு மேல இருக்கும்.

இப்ப மினிலாக் கைக்கு எட்டலைன்னா என்ன பண்றதுங்கற கேள்வி. விலை வரிசையில கீழ இருந்து மேல போனா பொதுவா கோர்க் வோல்கா, அதுக்கு மேல ரோலண்ட் எஸ்-1, அப்புறம் மோனோலாக்கும் மைக்ரோஃபிரீக்கும், அதுக்கும் மேல மினிலாக்னு இருக்கும்.

வோல்கா கீஸ் 2013ல வந்தது, புத்தகம் அளவுதான் இருக்கும், 3 ஸ்வரம் பேசும், உள்ளயே குட்டி ஸ்பீக்கர், பேட்டரியில ஓடும். அதுல கட்டைன்னு ஒண்ணு இல்ல, வரைஞ்சு வெச்ச மாதிரி ஒரு தொடு பட்டைதான், அதுல விரல் வெச்சு வாசிக்கறது கஷ்டம். ஆனா வெளிய ஒரு மிடி (எந்த ஸ்வரம்னு பெட்டிக்குப் பெட்டி சொல்ற இணைப்பு) கீபோர்டு சேர்த்தா வேற ஆளா மாறிடும். நாப் எல்லாம் சின்னதா இருந்தாலும் ஒரு நாப் ஒரு வேலைதான், அதனால என் கணக்குல இது பாஸ். செஞ்ச சவுண்டைப் பேர் போட்டு சேமிக்கற வசதி இல்ல, நாப் எங்க இருக்கோ அதுதான் சவுண்டு. பிடிச்ச சவுண்டு வந்தா போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மினிமூக்லயும் மெமரி கிடையாது, 1978ல புரோஃபெட்-5 சின்த் வந்ததுக்கு அப்புறம்தான் பேட்ச் (செஞ்ச சவுண்டு) சேமிக்கறது வழக்கமாச்சு, அதுவரைக்கும் மேடை ஏறுனவங்க நாப் இருக்கற இடத்தைக் குறிச்சு வெச்சுக்கிட்டுத்தான் வாசிச்சாங்க. கத்துக்கறவங்களுக்கு இது ஒரு விதத்துல நல்லதும் கூட, அதே சவுண்டைத் திரும்பத் திரும்ப ஒண்ணுல இருந்து கட்டிக் கட்டி கை பழகிடும்.

ரோலண்ட் எஸ்-1 பத்தி எனக்கு ரெண்டு மனசு. 1982ல வந்த எஸ்எச்-101 வழியில செஞ்ச டிஜிட்டல் சின்த், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு, உள்ளயே சார்ஜ் ஏத்தற பேட்டரி, 4 வாய்ஸ், ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாம் இருக்கு. சவுண்டு உண்மையிலேயே அருமையா இருக்கு, இவ்வளவு சின்னப் பெட்டியில இருந்து வருதான்னு ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஆனா நிறைய வேலைங்க ஷிஃப்ட் பட்டனுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு, எது எங்கன்னு மனப்பாடம் பண்ணணும். ஏற்கனவே சின்த் தெரிஞ்ச ஆளுக்குப் பயணத்துல தூக்கிட்டுப் போக இது தங்கம். முதல் சின்த்தா? பணமும் இடமும் ரொம்ப நெருக்கடின்னா மட்டும்.

ஆர்டூரியா மைக்ரோஃபிரீக், 2019ல வந்தது, இதைத்தான் இப்ப நிறைய பேர் முதல் சின்த்துன்னு சொல்றாங்க. டிஜிட்டல் ஆசிலேட்டர், அதுக்கு அப்புறம் ஒரு அனலாக் ஃபில்டர். கட்டை அசையவே அசையாது, தட்டையான ஒரு தொடுதகடு, ஆனா ஒவ்வொரு விரலோட அழுத்தத்தையும் தனித்தனியா உணரும், அதை சுருதிக்கோ ஃபில்டருக்கோ இணைச்சு விரலை அமுக்கிப் பாருங்க, ஒரு ஸ்வரத்தை வளைச்சு இழுக்கற சுகம் கிடைக்கும். எதை எதோட இணைக்கறதுங்கறதுக்கு 5க்கு 7 கட்டம் போட்ட ஒரு மேட்ரிக்ஸ், விளக்கு எரிஞ்சு காட்டும், மாடுலேஷன்னா (ஒண்ணை வெச்சு இன்னொண்ணை ஆட்டறது) என்னன்னு கத்துத் தர இதை விட நல்ல டிசைன் நான் பார்த்ததில்ல. நிறுவனமும் அப்டேட் மேல அப்டேட்டா புதுப்புது ஆசிலேட்டர் வகைகளை இலவசமா குடுத்துட்டே வந்திருக்காங்க.

அப்ப ஏன் இதை முதல்ல சொல்லலைன்னா, அந்த ஆசிலேட்டருக்கு வேவ், டிம்பர், ஷேப்னு மூணு நாப் இருக்கு, ஆசிலேட்டர் வகையை மாத்துனா அந்த மூணு நாப்போட அர்த்தமும் மாறிடும். ஒண்ணுல டிம்பர்ங்கறது ஒரு விஷயம், அடுத்ததுல வேற. ஆறு மாசம் சின்த் பழகுன கைக்கு இது புதையல், ஆனா நேத்து ஆரம்பிச்ச ஆளுக்குத் தரை நகர்ந்துட்டே இருக்கற மாதிரி இருக்கும். கூடவே உள்ள எஃபெக்ட் ஒண்ணும் இல்ல, 4 ஸ்வரம் வாசிச்சாலும் ஃபில்டர் எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணுதான். இதை ரெண்டாவது சின்த்தா வாங்கணும்னு மனசுல வெச்சிருக்கேன்.

கட்டை முழு அளவுல வேணும், ஒரு ஸ்வரம் மட்டும் பேசுனா போதும்னா நோவேஷன் பேஸ் ஸ்டேஷன் 2 பாருங்க. 2013ல இருந்து இன்னும் மவுசு குறையல, ரெண்டு எல்எஃப்ஓ, ரெண்டு ஏடிஎஸ்ஆர், ரெண்டு விதமான ஃபில்டர், கட்டையை அமுக்கிப் பிடிச்சா உணர்ற ஆஃப்டர்டச், கத்துக்கறதுக்கு மினிலாக்குக்கு சமமா வெப்பேன். யமஹா ரிஃபேஸ் சிஎஸ்ல 8 வாய்ஸ், உள்ளயே ஸ்பீக்கர், நாப்புக்குப் பதிலா ஸ்லைடர், கட்டை சின்னதுன்னாலும் தொட்டா தரம் தெரியும், பேட்டரியிலயும் ஓடும். பேனல்ல சேமிக்கற வசதி மட்டும் இல்ல. 2002ல வந்த மைக்ரோகோர்க் பேர் பெத்த சின்த், பேசற குரலை ரோபோ மாதிரி ஆக்கற வோகோடர் வேணும்னா சரி, மத்தபடி அஞ்சு நாப்பையும் ரெண்டு தேர்வு டயலையும் வெச்சு எல்லாத்தையும் மாத்தணும், நான் மேல சொன்ன காரணத்துக்காகவே முதல் சின்த்தா வேணாம்.

இன்னும் பணமே சேரலைன்னா காத்திருக்கற நேரத்தை வீணாக்காதீங்க. லேப்டாப் இருந்தா சர்ஜ் எக்ஸ்டிங்கற சாஃப்ட்வேர் சின்த் முழுக்க இலவசம், வைட்டல்ல ஒரு இலவசப் பதிப்பு இருக்கு, ரெண்டும் பணம் குடுத்து வாங்கற பிளக்இன்களுக்கு சளைச்சதில்ல. ஏபிள்டன் நிறுவனத்தோட லேர்னிங் சின்த்ஸ் பாடம் பிரவுசர்லயே ஓடும், அடிப்படையை ஒரு மணி நேரத்துல கையில குடுத்துடும். கட்டையை அமுக்குனா சவுண்டு லேட்டா வருதுன்னா பஃபர் சைஸை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேர்த்து அனுப்பற சவுண்டுத் துண்டோட அளவு) குறைங்க: 44,100 சாம்பிள் ரேட்ல 1024 வெச்சிருந்தா 23 மில்லிசெகண்டு தாமதம், 256க்கு இறக்குனா 6க்கும் கீழ. அந்த வித்தியாசம் விரலுக்கு நல்லாவே தெரியும். சாஃப்ட்வேர்ல ரெண்டு மாசம் பழகியும் ஆசை அடங்கலைன்னா அப்புறம் பெட்டி வாங்குங்க. மவுஸ்ல ஒரு நேரத்துல ஒரு நாப்தான் திருப்ப முடியும், ரெண்டு கையால ரெண்டு நாப்பை எதிரெதிரா திருப்பற அந்த விஷயம் அங்க கிடைக்காது, அதுக்காகவாவது பெட்டி வேணும்.

வாங்கறப்ப சின்த் விலையை மட்டும் கணக்குப் போடாதீங்க. முக்கால்வாசி சின்த்ல ஸ்பீக்கர் இருக்காது, நல்ல ஹெட்போன் ஒண்ணு வேணும், போன் பேசற இயர்போன்ல பேஸ் கேக்கவே கேக்காது, நீங்க செஞ்ச சவுண்டு உங்களுக்கே தெரியாம போயிடும். மினிலாக் மாதிரி சின்த்ல பெரிய 6.3 மில்லிமீட்டர் ஜாக், வோல்கா மாதிரி சின்னதுல 3.5, ரெண்டுக்கும் நடுவுல மாட்ட ஒரு கன்வர்ட்டர் வாங்கி வெச்சுக்கோங்க. வோல்காவுக்கு அடாப்டர் கூட வராது, தனியா வாங்கணும். இங்க ஒரு எச்சரிக்கை: அது 9 வோல்ட், நடுப்பின் பாசிட்டிவ். கிட்டார் பெடலுக்கு வர்ற 9 வோல்ட் அடாப்டர் பெரும்பாலும் நடுப்பின் நெகட்டிவ், அதை மாட்டக் கூடாது. அடாப்டர் மேல ஒரு சின்ன வட்டப் படம் போட்டு பிளஸ், மைனஸ் காட்டியிருப்பாங்க, மாட்டறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம், நானே மினிலாக்கை அப்படித்தான் வாங்குனேன். ஆனா நேர்ல போய், ஹெட்போன் எடுத்துட்டுப் போய், ஒவ்வொரு நாப்பையும் முழுக்கத் திருப்பிப் பாருங்க. திருப்பும்போது கரகரன்னு சத்தமோ மதிப்பு குதிக்கறதோ இருந்தா தூசி இல்லன்னா தேய்மானம். எல்லாக் கட்டையையும் மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை அமுக்குங்க. நாலு வாய்ஸ் சின்த்னா ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப எட்டு தடவை தட்டுங்க, பொதுவா ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த வாய்ஸ் பேசும், நாலு தட்டுக்கு ஒரு தடவை மட்டும் சவுண்டு வேற மாதிரி கேட்டா ஒரு வாய்ஸ்ல பிரச்சனைன்னு அர்த்தம். நான் முதல்ல பாக்கப் போன ஒண்ணுல இப்படித்தான் மூணாவது வாய்ஸ் எப்பவும் மந்தமா வந்துச்சு, வித்தவருக்கே அது தெரியாது, சொன்னதும் அவரும் கேட்டுப் பார்த்துட்டு நம்பாம இருந்தார். மிடி இன், மிடி அவுட், யூஎஸ்பி மூணையும் சோதிச்சுடுங்க. 1983ல வந்த அந்த அஞ்சு முள் மிடி இன்னைக்கும் அப்படியே வேலை செய்யுது, பின்னாடி வேற பெட்டி வாங்கி இணைக்கும்போது தேவைப்படும்.

வாங்கிட்டு வந்த முதல் வாரம் பிரீசெட் பக்கம் போகாதீங்க, ப்ளீஸ். மினிலாக்னா 101க்குப் போங்க, புதுசா இருந்தா அங்க இருந்து இனிட் புரோகிராம்தான், வெறும் அலை, மொட்டையா ஒலிக்கும். அதுல ஒரு நாளைக்கு ஒரு சவுண்டு. முதல் நாள் காத்து: ரெண்டு ஆசிலேட்டரையும் மிக்ஸர்ல மூடிட்டு நாய்ஸ் (உஸ்ஸுன்னு வர்ற இரைச்சல்) மட்டும் ஏத்துங்க, ரெசனன்ஸ் கொஞ்சம், எல்எஃப்ஓவை ரொம்ப மெதுவா வெச்சு கட்ஆஃபை ஆட்டுங்க, ஜன்னல் இடுக்குல வீசற காத்து வந்துடும். அடுத்த நாள் சைரன், எல்எஃப்ஓவை சுருதியில போடுங்க. அப்புறம் பேஸ்: சா அலை, கட்ஆஃப் பாதிக்குக் கீழ, ஃபில்டர் என்வலப்ல டிகே குட்டையா, சஸ்டெயின் பூஜ்யம், ஒவ்வொரு ஸ்வரமும் தட்டி எடுத்த தந்தி மாதிரி துள்ளும். கஷ்டமானது மணி சத்தம். அது எனக்கு வர மூணு வாரம் ஆச்சு, முக்கோண அலையில ஆரம்பிச்சு ரெண்டாவது ஆசிலேட்டரோட சுருதியை பொருந்தாத ஒரு இடத்துல வெச்சு ரெண்டு அலையையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கற ரிங் மாடுலேஷன் போட்டப்ப திடீர்னு வெண்கலம் கேட்டுச்சு. 107ல சேமிச்சு வெச்சிருக்கேன், இன்னும் அதை அழிக்கல.